நான்கு மணி நேரத்துக்குள் அடங்காத மலைத் தபால் பை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சேலம் நகரத்து அன்பர் ஒருவர், தமக்கு வந்த விரைவு அஞ்சலைத் தபால்காரர் இரவு ஏழு மணிக்குக் கொண்டுவந்து கதவைத் தட்டியதாகவும், இன்னொரு முறை வீட்டில் ஆள் இருந்தும் 'கதவு பூட்டியிருந்தது' என்று குறித்துத் திருப்பிவிட்டதாகவும் வருந்தி எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. ஆள் இருக்கும் வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதுவது எந்தக் காலத்திலும் தவறுதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அப்படி எழுதும் நிலைக்கு ஒரு தபால்காரர் ஏன் வருகிறார் என்பதை, அந்தப் பையைச் சுமந்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1983-இல் சேர்வராயன் மலையில் ஒரு கிளை அஞ்சலகத்தில் பை தூக்குபவனாகச் சேர்ந்தேன். அப்போது எங்களை 'இ.டி.' என்பார்கள், துறைக்குப் புறம்பானவர் என்று அதற்குப் பொருள். பெயர்தான் புறம்பே தவிர வேலை முழுக்கத் துறைக்கு உள்ளேதான் இருந்தது. எட்டு ஆண்டு கழித்துத் துறைத் தேர்வு எழுதிச் சேலம் நகரத்தில் தபால்காரன் ஆனேன். 2021-இல் ஓய்வு பெற்று மறுபடியும் மலைக்கே வந்துவிட்டேன். ஆகவே நகரத்து பீட்டும் (ஒரு தபால்காரருக்கென ஒதுக்கிய தெருக்களை அப்படிச் சொல்வோம்) தெரியும், மலைத் தடமும் தெரியும்.

நகரத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் காலை ஏழரை மணிக்கெல்லாம் பைகள் வந்து இறங்கிவிடும். பையை அவிழ்த்து, பீட் வாரியாகப் பிரித்து, அவரவர் தம் தெருக்களின் வரிசையில் கடிதங்களை அடுக்கி, பதிவுத் தபாலையும் மணியார்டர் பணத்தையும் எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, பத்து மணி வாக்கில் சைக்கிளை எடுப்போம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்குக் கடை திறந்த சூட்டோடு தபால் போய்ச் சேர வேண்டும். அம்மாப்பேட்டை தறி வீடுகளில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், ஆனால் தறிச் சத்தத்தில் நாம் கூப்பிடுவது காதில் விழாது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்ட வேண்டும். எந்த வீட்டில் எந்த வேளையில் யார் இருப்பார் என்பது எங்கள் தலைக்குள் எழுதி வைத்த பதிவேடு. பிற்பகலில் சில பகுதிகளுக்கு இரண்டாம் டெலிவரியும் உண்டு. எப்படி இழுத்தாலும் மாலை நான்கரை மணிக்குள் மீந்ததை ஒப்படைத்துக் கணக்கை முடித்துவிடலாம். வேலை குறைவாக இருந்தது என்று சொல்லவில்லை. அதற்கு ஓர் எல்லை இருந்தது.

இன்று கடிதம் எழுதுவோர் அருகிவிட்டார்கள், பொங்கல் வாழ்த்து மூட்டைகள் நின்றுவிட்டன, ஆகவே தபால்காரருக்கு வேலையே இல்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். பையில் உள்ள பொருள்தான் மாறியிருக்கிறது. பத்துக் கடிதங்களைப் பத்து வாசலில் செருகிவிட்டுப் போகும் நேரத்தில் இன்று ஒரு பார்சலைக் கொடுத்து முடிக்க முடிவதில்லை. 2024 பிப்ரவரி இறுதி முதல் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் விரைவு அஞ்சலில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. வங்கி அட்டை, ஆதார், கடவுச்சீட்டு, நீதிமன்ற அறிவிப்பு என்று கையெழுத்து வாங்கியே கொடுக்க வேண்டியவைதான் பையில் பெரும்பங்கு. போதாக்குறைக்கு 2025-இல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு இது பெயர் மாற்றமாகத் தோன்றலாம். பதிவுத் தபால் என்பது உரியவர் கையில் பத்திரமாகச் சேர வேண்டிய தபால். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பாதகமில்லை, ஆள் மாறக் கூடாது. விரைவு அஞ்சலுக்கு நேரமே உயிர். இரண்டையும் ஒன்றாக்கியபோது, பத்திரமும் குறையக் கூடாது, நேரமும் தவறக் கூடாது என்ற இரட்டைப் பொறுப்பு ஒரே ஆளின் தோளில் ஏறியது.

இத்தோடு கைப்பேசிச் செயலியும் சேர்ந்தது. ஒவ்வொரு தபாலையும் கேமராவில் காட்டிப் பதிய வேண்டும், பெறுபவரின் கையெழுத்தைத் திரையில் வாங்க வேண்டும், அனுப்பியவர் கேட்டிருந்தால் பெறுபவரின் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை (ஓ.டி.பி.) கேட்டு உள்ளிட வேண்டும். செயலியால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். தபால் எங்கே இருக்கிறது என்பதை அனுப்பியவர் வீட்டிலிருந்தே பார்க்கிறார், முன்பெல்லாம் அதற்கு விசாரணை மனு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தை வேலைக் கணக்கில் யாராவது சேர்த்தார்களா என்பதுதான் என் கேள்வி. துறையில் வேலைப் பளுவை அளக்கும் முறை நெடுநாளாகவே உண்டு: சாதாரணக் கடிதத்துக்கு இவ்வளவு நேரம், கையெழுத்துத் தபாலுக்கு இவ்வளவு, தடத்தின் தூரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, அது எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் பீட்டைப் பிரிப்பார்கள். சைக்கிள் காலத்தில் போட்ட கணக்கு கடவு எண் காலத்துக்குப் பொருந்தாது.

நகரங்களில் இப்போது இன்னொரு மாற்றமும் வருகிறது. பல அஞ்சலகங்களின் டெலிவரி வேலையைப் பிரித்தெடுத்து, தபால்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தனி டெலிவரி மையங்களாக நடத்தும் முறை அது. ஒரே கூரையின் கீழ் பிரிப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு தன் அஞ்சலகத்தை விட்டு இறங்கினாலே பீட் தொடங்கிவிடும் என்றிருந்தவர், இப்போது முதல் வீட்டைத் தொடுவதற்கே நெரிசலில் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டியிருக்கும். கண்ணங்குறிச்சிக்கோ கோரிமேட்டுக்கோ போகிறவர் ஐந்து ரோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் அந்த நேரம் யாருடையது?

மாலை டெலிவரி, விடுமுறை நாள் டெலிவரி என்ற பேச்சும் இதனோடு சேர்ந்தே வருகிறது. இதை நான் அடியோடு எதிர்க்கவில்லை. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்ககங்களில் காலை பதினொரு மணிக்குப் போய் மணியடித்து என்ன பயன்? மாலை ஆறு மணிக்குப் போனால் ஒரே நடையில் முடியும். அதற்கென்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்கு வந்து இரவு முடிக்கும் தனி ஆட்களை அமர்த்தினால் வரவேற்பேன். நான் அஞ்சுவது வேறொன்றை. ஆட்களைக் கூட்டாமல், காலையில் வந்தவரையே மாலையிலும் வரச் சொல்லி, நடுவில் உள்ள நான்கு மணி நேரத்தை ஓய்வு என்று எழுதிக்கொள்ளும் உடைந்த வேலை நேரத்தை. காகிதத்தில் அது எட்டு மணி நேரம். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவருக்கு அது பதின்மூன்று மணி நேரம். சேலத்துச் சித்திரை வெயிலில், பை தூக்கிய தோளோடு, நடுவே கிடைக்கும் அந்த ஓய்வை எங்கே போய் எடுப்பது?

நகரத்துக்கு இன்று வரப் பார்க்கும் இந்த உடைந்த நேரம் மலைக்குப் புதிதல்ல. நான் இ.டி.யாக இருந்த நாளிலிருந்தே அதுதான் எங்கள் வாழ்க்கை.

2001-இல் இ.டி. என்ற பெயர் போய் 'கிராமின் டாக் சேவக்' என்ற பெயர் வந்தது. இவர்கள் வகிப்பது சிவில் பதவியே, அதாவது அரசுப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே தீர்ப்பளித்திருந்தும், வழக்கமான ஊழியருக்குரிய ஓய்வூதியம் இவர்களுக்கு இன்றுவரை இல்லை. இவர்களின் ஊதியத்தையும் பணி நிலையையும் ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழுவின் அறிக்கையை நடைமுறைப்படுத்தக் கோரி 2018 மே, ஜூன் மாதங்களில் நாடு முழுவதும் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் புதிய ஊதியம் வந்தது. நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று இரண்டே படிகள். கிளை அஞ்சலகத்தை நடத்துபவருக்குத் தொடக்க ஊதியம் நான்கு மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாய். தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் உதவியாளருக்கு முறையே 10,000, 12,000. அகவிலைப்படி தனி. முன்பிருந்ததைவிட இது நல்ல உயர்வு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது பகுதி நேர வேலை என்பதால், பிழைப்புக்கு வேறு வருமான வழியும் அவருக்கு இருக்க வேண்டும் என்பது விதி.

இப்போது அந்த நான்கு மணி நேரம் மலையில் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். சேலத்திலிருந்து பை, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி ஏற்காட்டுக்கு வர வேண்டும். அங்கே பிரித்து, கிளை அஞ்சலகங்களுக்குக் கட்டிய பைகள் நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று அந்தந்தப் பக்கம் போகும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். வண்டி தாமதமானால் பையும் தாமதம். பை வந்ததும் அவிழ்த்துப் பதிந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு நடக்க வேண்டும். திரும்பி வந்து, மாலையில் கீழே போகும் பையைக் கட்டி ஒப்படைக்க அடுத்த வண்டிக்காக நிற்க வேண்டும். வேலை செய்த நேரத்தை மட்டும் கூட்டினாலே நான்கைத் தாண்டும். காத்திருந்ததையும் கூட்டினால் காலை எட்டு மணிக்குப் போனவர் மாலை நான்கு மணிக்குத்தான் வீட்டில் கால் வைக்கிறார். வேறு வருமானம் இருக்க வேண்டும் என்கிறது விதி. மிளகுக் கொடியைப் பார்க்கவோ, காப்பிப் பழம் பறிக்கவோ பகலில் ஒரு மணி நேரம்கூட விடாமல் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது வேலை. நான் சொல்ல வந்ததே இதுதான்: ஒருவர் கையில் தபால் இருக்கும் நேரத்தை மட்டும் வேலை நேரம் என்று எண்ணி, தபாலுக்காக அவர் கட்டுண்டு கிடக்கும் நேரத்தை எண்ணாமல் விடுவதால்தான் இத்தனை சிக்கலும் வருகிறது.

தூரத்தை அளக்கும் விதமும் இங்கே பொருந்துவதில்லை. சமவெளியில் இரண்டு கிலோமீட்டர் என்பது சைக்கிளில் பத்து நிமிடம். மலையில் அதே இரண்டு கிலோமீட்டர், ஓடைக்கு இறங்கி எதிர்க் கரையில் ஏறுகிற ஒற்றையடித் தடமாக இருக்கலாம். வீட்டுக்குக் கதவு எண் இருக்காது. தோட்டத்தின் பெயரோ காட்டின் பெயரோதான் அடையாளம். ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், இருவருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். அறுவடைக் காலத்தில் வேலையாட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கிற வித்தை எந்தச் செயலியிலும் இல்லை, ஊர்க்காரர்களிடம் கேட்டால்தான் உண்டு.

கடவு எண் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கடவு எண் கேட்கும் தபால் ஒன்று வந்தது. தபால் கொண்டுவந்த பெண்ணும் அவனும் சேர்ந்து பாறைக்கு ஏறி, எண் வரும்வரை உட்கார்ந்திருந்து, அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் செயலியை மூடி, மறுபடி திறந்து, மறுபடி எண் கேட்டு, ஒருவழியாகத் தபாலைக் கைமாற்றிக்கொண்டு இறங்கியபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. நான்கில் ஒன்று. அன்று அந்தப் பெண்ணின் பையில் மேலும் ஆறு தபால்கள் இருந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் மாலை டெலிவரி என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும்; பத்தடி தூரத்தில் நிற்பது மரமா மாடா என்று தெரியாது. மாடு என்று நான் சொல்வது காட்டெருமையை. அந்தி நேரத்தில் தோட்டங்களுக்குள் அவை இறங்குவதை ஏற்காட்டுக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். கிராம அஞ்சல் பணியில் இன்று பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இணையவழியில் தேர்வு நடப்பதால் வெளி மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். தடமும் தெரியாது, காட்டின் சுபாவமும் தெரியாது. வந்த சில மாதங்களில் மாறுதல் கேட்டோ வேலையை விட்டோ போய்விட, அந்த ஊர்த் தபாலையும் பக்கத்து ஊர்க்காரரே சேர்த்துச் சுமக்கிறார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோன நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்படித் தேங்கிய தபால் பிறகு ஒரே நாளில் வந்து சேரும்போது அதற்கும் அதே நான்கு மணி நேரம்தான்.

நவம்பர் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையும், காப்பி அறுவடையின் தொடக்கமும், ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றும் ஒன்றாக வந்து விழும் மாதம் அது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எழுபது ரூபாய் கட்டணத்தில் கைரேகை பதிந்து சான்றை அனுப்பிவிடுகிறார். நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் மலையிறங்கிச் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது எத்தனை பெரிய உதவி! ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாது. துடைத்து, எண்ணெய் தடவி, வேறு விரலை வைத்து, அலைவரிசைக்காகக் காத்திருந்து என்று ஒரு முதியவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவும் அப்படித்தான். இவற்றுக்கு மேல் சேமிப்புக் கணக்கு, செல்வமகள் திட்டம், ஆயுள் காப்பீடு என்று இலக்கு வேறு. இலக்கு எட்டப்பட்டதா என்ற கேள்வி கைப்பேசியில் வருவது பெரும்பாலும் வேலை நேரம் முடிந்த பிறகுதான்.

வண்டிச் செலவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. தபால்காரருக்கான சைக்கிள் படி 2017-இல் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக இரட்டிப்பாக்கப்பட்டது. மாதத்துக்கு. இன்று ஒரு லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல்.

அஞ்சல் துறையின் பொறுப்பில் உள்ளவர்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் ஒன்றும் அல்ல. எங்கள் காலத்தில் மெயில் ஓவர்சீயர் என்று ஒருவர் வருவார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து எங்களோடு தடத்தில் நடப்பார், வீட்டுக்காரர்களிடம் விசாரிப்பார். எங்களைச் சோதிக்கத்தான் வந்தார் என்றாலும், தடம் எப்படி இருக்கிறது என்பது அவர் கால்களுக்கும் தெரிந்திருந்தது. நேரத்தையும் ஆளையும் மாற்றி அமைக்கும் முன்னால், முடிவெடுக்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு மலைக் கிளையிலும் வெயில் காலத்தில் ஒரு நாளும் நவம்பரில் ஒரு நாளும் பையோடு நடந்து, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு நான்கா ஐந்தா அதற்கு மேலா என்று எழுதட்டும். அலைவரிசை இல்லாத ஊர்களின் பட்டியலை எடுத்து, அங்கே கடவு எண்ணுக்குப் பதிலாகப் பழைய முறையில் தாளில் கையெழுத்து வாங்க அனுமதிக்கட்டும். பெரிய பார்சல்களுக்கு ஊர்வாரியாக வாரத்தில் இன்ன நாள், இன்ன இடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஊர்க்காரர்கள் தாமே வந்து வாங்கிக்கொள்வார்கள். இங்கே ரேஷன் கடைக்கு அப்படித்தானே போகிறோம். மாலை டெலிவரியை நகரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், அங்கும் அதற்கெனத் தனி ஆட்களோடு.

நகரத்து அன்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்கு இரவு ஏழு மணிக்கு வந்தவர் சோம்பலால் அப்போது வந்திருக்க மாட்டார். அந்த நேரத்திலும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்ததால்தான் வந்திருப்பார். பூட்டிய கதவு என்று எழுதியவர் மீது நீங்கள் புகார் செய்ததும் சரிதான். அந்தப் புகாரிலேயே, அவருக்கு எத்தனை பீட் கொடுத்திருக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து எழுதிப் போடுங்கள். பதில் கிடைத்தால் இதே பகுதியில் தெரிவியுங்கள்.

துறை அதிகாரிகள் எவரேனும் மலைத் தடத்தைப் பார்க்க விரும்பினால், எந்த வேலை நாளானாலும் காலை ஏழரை மணிக்கு ஏற்காடு பேருந்து நிலையத்தில் நான் காத்திருக்கத் தயார். மூட்டு வலி இருக்கிறது, மெல்லத்தான் நடப்பேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பும் புகையிலையும் நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.